குறுகிய கால ஞாபகத்தை வீட்டிலேயே சோதிக்கலாமா? அந்த மதிப்பெண் எதைச் சொல்லும்?

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 41. போனில் ஒரு ஆப் இறக்கி, எண்களைப் பார்த்து அதே வரிசையில் சொல்லும் சோதனையைச் செய்தீர்கள். உங்களுக்கு 5 வந்தது, பத்தாவது படிக்கும் மகளுக்கு 8 வந்தது. சமையலறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பதும், தெரிந்தவர் பெயர் வாயில் வராமல் தவிப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஆகவே குறுகிய கால ஞாபகத்தைச் சரியாகச் சோதிக்க வீட்டிலேயே வழி உண்டா என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: அம்மாவுக்கு 72 வயதில் டிமென்ஷியா (மறதி நோய்) என்று சொல்லிவிட்டார்கள், அவரைப் பார்த்துக்கொள்வதும் நீங்கள்தான், ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு என்னவோ அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று படுகிறது. "எனக்கும் ஆரம்பித்துவிட்டதா?" என்பதைத்தான் கேட்கிறீர்கள். நான் மருத்துவ உளவியல் படித்தவள், பல வருடங்களாக ஞாபகப் பரிசோதனை செய்வதுதான் என் வேலை. டாக்டர் இல்லை, நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் என் வேலையில் வராது. சோதிக்க வழி உண்டா என்ற கேள்விக்குப் பதில்: உண்டு, ஒழுங்காகச் செய்தால் நம்பகமாகவும் செய்யலாம். ஆனால் அந்தச் சோதனையில் வரும் எண்ணை வைத்து உங்கள் பயத்துக்குப் பதில் சொல்ல முடியாது. ஏன் என்பதை விளக்கினால்தான் நிம்மதியாக இருக்கும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சினிமாவிலும் பேச்சிலும் "ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்" என்றால் காலையில் நடந்தது மதியம் மறந்துபோவது. எங்கள் படிப்பில் அந்தப் பெயர் வேறொன்றைக் குறிக்கும். இப்போது காதில் விழுந்ததை, கண்ணில் பட்டதை, சில நொடிகள் மனதில் பிடித்து வைத்திருப்பது. ஒருவர் சொன்ன போன் நம்பரை எழுதி முடிக்கும்வரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்போமே, அவ்வளவுதான் அதன் ஆயுள். காலையில் என்ன சாப்பிட்டோம், நேற்று யார் வந்தார்கள் என்பதெல்லாம் வேறு ஏற்பாடு. இரண்டும் தனித்தனி என்பதற்கு மிகத் தெளிவான சாட்சி ஹென்றி மொலேசன். 1953-இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக அவருடைய மூளையின் இரண்டு பக்கமும், புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைப் பெருமளவு அகற்றிவிட்டார்கள். அதன் பிறகு 2008-இல் இறக்கும்வரை புதிதாகச் சந்தித்த யாரையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. ஆனால் எண்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னால் ஏறக்குறைய எல்லோரையும் போலவே சொன்னார். அவரைப் பரிசோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் ஒருமுறை 584 என்ற எண்ணை நினைவில் வைத்திருக்கச் சொன்னபோது, அந்த மூன்று இலக்கங்களையும் கூட்டிக் கழித்து ஏதோ ஒரு சூத்திரம் உண்டாக்கி, விடாமல் மனதில் ஓட்டி, கால் மணி நேரம் வைத்திருந்தார். கவனம் கலைந்து ஒரு நிமிடம் ஆனதும் எண் மட்டுமில்லை, அப்படி ஒன்றைக் கேட்டார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. இதற்கு நேர்மாறான ஒருவரைப் பற்றி 1970 வாக்கில் லண்டனில் ஷாலிஸ், வாரிங்டன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவரால் இரண்டு எண்ணுக்கு மேல் திருப்பிச் சொல்ல முடியாது, அன்றாட விஷயங்களைக் கற்பதிலும் நினைவில் வைப்பதிலும் குறையே இல்லை. ஆக, ஆப் அளந்தது ஒன்று, அம்மாவுக்குக் கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் இன்னொன்று. டிமென்ஷியாவில் பலருக்கும் வரும் அல்சைமர் வகையில் ஆரம்பத்தில் அடிபடுவது புதிய விஷயங்களைச் சேமிக்கும் அந்த ஏற்பாடுதான். எண்களைத் திருப்பிச் சொல்வது பல பேருக்கு வெகுநாள் நன்றாகவே இருக்கும்.

சரி, சோதனைக்கு வருவோம். இதற்கு டிஜிட் ஸ்பான் என்று பெயர். ஜோசப் ஜேக்கப்ஸ் 1887-இலேயே லண்டனில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்து பார்த்தது, இன்றுவரை அறிவுத்திறன் சோதனைகளில் நீடிக்கிறது. வீட்டில் செய்ய 1 முதல் 9 வரை சின்னச் சீட்டுகளில் எழுதி ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்குங்கள். மூன்று சீட்டு எடுத்து வந்த வரிசையில் எழுதுங்கள், சீட்டுகளைத் திருப்பிப் போட்டு இன்னொரு மூன்று. அப்புறம் நான்கு இலக்கம் இரண்டு வரிசை, ஐந்து இலக்கம் இரண்டு வரிசை என்று ஒன்பது வரை போங்கள். யாராவது வாசிக்க ஆள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீங்களே போன் ரெகார்டரில் வாசித்து வைத்து, ஒரு வாரம் தொடாமல் விட்டுவிட்டு அப்புறம் போட்டுக் கேளுங்கள். வாசிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நொடிமுள்ளைப் பார்த்து நொடிக்கு ஓர் எண், ஒரே குரலில், எங்கும் இழுக்காமல். நம் ஊரில் யார் நம்பர் சொன்னாலும் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகப் பிரித்து ஒரு ராகத்தில் சொல்வோம். அந்த ராகம் வந்தால் சோதனை போய்விட்டது, கேட்பவருக்குத் தன்னால் ஒன்றிரண்டு எண் கூடிவிடும். கடைசி எண் முடிந்த உடனே சொல்ல ஆரம்பிக்க வேண்டும். எழுதக்கூடாது, விரலில் எண்ணக்கூடாது. ஒரே நீளத்தில் இரண்டு வரிசையும் தவறினால் நிறுத்திவிடுங்கள், கடைசியாக ஒன்றையாவது சரியாகச் சொன்ன நீளம்தான் உங்கள் ஸ்பான். இதையே வேறொரு நாள் தலைகீழாகச் செய்யுங்கள்: 4, 9, 2 என்று கேட்டால் 2, 9, 4 என்று சொல்ல வேண்டும். இங்கே எண்களைப் பிடித்து வைப்பதோடு மனதுக்குள் புரட்டவும் வேண்டியிருப்பதால் பெரும்பாலோருக்கு ஒன்றோ இரண்டோ குறையும்.

பெரியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நேர்வரிசையில் 5 முதல் 9 வரை ஏதோ ஒரு எண் வரும், 6, 7 சாதாரணம். ஆகவே உங்கள் 5, விளிம்பில் இருந்தாலும் உள்ளேதான் இருக்கிறது. அதோடு, ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் 5-உம் வரும் 7-உம் வரும். தூக்கம், பசி, பதற்றம், பக்கத்தில் டிவி ஓடுவது எல்லாம் விளையாடும். டிவி விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. பின்னணியில் மனிதர் பேசும் சத்தம் இருந்தாலே ஸ்பான் குறைகிறது, அது நமக்குப் புரியாத மொழியாக இருந்தாலும்கூட. சோதனைக்கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்த்த முடிவு இது. உங்கள் மகள் கதவைச் சாத்திக்கொண்டு அறையில் உட்கார்ந்து செய்திருப்பார், நீங்கள் ஹாலில் அம்மாவுக்கு ஒரு காது கொடுத்தபடி செய்திருப்பீர்கள் என்றால் அந்த 8-ஐயும் 5-ஐயும் ஒப்பிடவே முடியாது. ஆப்களில் இன்னொரு கோளாறும் உண்டு. சிலவற்றில் எல்லா எண்ணும் ஒரே நேரத்தில் திரையில் வரும். அப்படி வந்தால் கண் தானாகக் கூறு போட்டுவிடும். 0, 4, 4, 1, 9, 4, 7 என்று ஏழு இலக்கம் வந்தால் சென்னைக்காரருக்கு அது ஊர் எஸ்டிடி கோடும் சுதந்திரம் வாங்கிய வருடமுமாக இரண்டே சமாச்சாரம்.

எந்த மொழியில் செய்தீர்கள் என்பதையும் நீங்கள் எழுதவில்லை, அது முக்கியம். உளவியலாளர் அலன் பேட்லியும் உடன் பணியாற்றியவர்களும் 1975-இல் காட்டியது என்னவென்றால், ஏறக்குறைய இரண்டு நொடியில் வாயால் எத்தனை சொல்ல முடியுமோ அத்தனைதான் மனதிலும் நிற்கிறது. அதனால் எண்ணின் பெயர் நீளமாக இருக்கும் மொழியில் ஸ்பான் குறையும். வேல்ஸில் இரண்டு மொழியும் பேசுபவர்களை வைத்து 1980-இல் செய்த ஆய்வில் வெல்ஷ் எண்களில் குறைவாகவும் ஆங்கில எண்களில் கூடுதலாகவும் வந்தது. சீன மொழியில் எண்கள் மிகக் குட்டையானவை, அங்கே ஸ்பான் பெரிது. தமிழில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எதுவும் ஒரே அசையில் முடிவதில்லை, ஆங்கிலத்தில் செவன் தவிர எல்லாம் ஒரே அசை. நீங்கள் தமிழிலும் மகள் ஆங்கிலத்திலும் மனதுக்குள் சொல்லியிருந்தால் அதிலேயே ஓர் எண் போயிருக்கலாம். போன் நம்பரை எந்த மொழியில் சொல்லிப் பழக்கமோ அதிலேயே செய்யுங்கள், அடுத்த தடவையும் அதே மொழியில். வயதானவர்களைச் சோதிக்கும்போது அவர்கள் கணக்குப் போட்ட மொழி எது என்று கேட்காமல் நான் ஆரம்பிப்பதே இல்லை.

ஏழு என்ற எண் பிரபலமானது உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையால். ஏழு, இரண்டு கூட அல்லது குறைய. அது எண்களின் கணக்கு என்று பலர் நினைக்கிறார்கள், அவர் பேசியது துண்டுகளைப் பற்றி, அதாவது 044 போல மனம் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கும் கூறுகளைப் பற்றி. 2001-இல் நெல்சன் கோவன் என்ற ஆய்வாளர், முணுமுணுக்கவும் கூறு போடவும் வழியில்லாமல் செய்தால் நான்கு துண்டுதான் மிஞ்சும் என்றார். இன்று பலரும் நான்கு என்ற எண்ணின் பக்கம்தான் சாய்கிறார்கள், நானும். ஆனால் இது முடிந்துபோன வழக்கு இல்லை. தேங்கியிருப்பது தானாகத் தேய்ந்து மறைகிறதா, அடுத்து வருவது அதைக் கலைத்துவிடுகிறதா என்பதிலும் சண்டை இன்னும் ஓயவில்லை. பயிற்சியால் கூட்டலாமா என்று கேட்பீர்கள். கூட்டலாம், ஆனால் கூடுவது எது என்று பாருங்கள். 1980 வாக்கில் சேஸ், எரிக்சன் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சராசரி ஞாபகம் உள்ள ஒரு மாணவரை வைத்து இருநூறு மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கொடுத்தார்கள், ஏழில் ஆரம்பித்தவர் எண்பது இலக்கம் அளவுக்கு வந்துவிட்டார். ஓட்டப் பந்தயக்காரர் என்பதால் எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றிச் சேர்த்துக்கொண்டார். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறுக்கு வந்து நின்றார். நம் பக்கம் சதாவதானம் (ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைப்பது) செய்த செய்குத்தம்பிப் பாவலர் போன்றவர்களிடமும் நான் காண்பது அசாத்தியமான பயிற்சியும் முறையும்தான், அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் "தினம் பத்து நிமிடம் விளையாடினால் ஞாபகம் கூடும்" என்று ஆப் சொன்னால் நம்ப வேண்டாம். விளையாடுகிற விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவோம், அது வீட்டு வேலையிலும் ஆபீஸிலும் உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. லூமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி ஆப்பை நடத்தும் நிறுவனம் இப்படி விளம்பரம் செய்ததற்காக அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 2016-இல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

எண்கள் சலித்துவிட்டால் இடத்துக்கான ஞாபகத்தையும் பார்க்கலாம், இது 1972-இல் கனடாவின் மான்ட்ரியாலில் கோர்சி என்ற ஆய்வாளர் செய்தது. மேசையில் ஒன்பது பாட்டில் மூடிகளை ஒழுங்கில்லாமல் பரப்பி, ஒருவர் நொடிக்கு ஒன்றாகத் தொட்டுக்கொண்டு போக, நீங்கள் அதே வரிசையில் தொட வேண்டும். இதில் 5, 6 வந்தாலே சரி.

இன்னொன்றைச் செய்து பார்க்கச் சொல்வேன், இது மதிப்பெண்ணுக்கு இல்லை, பயம் தெளிய. மகளிடம் சொல்லி மூன்று எழுத்து சொல்லச் சொல்லுங்கள், வார்த்தையாகச் சேராதவையாக, ழ, க, ட மாதிரி. உடனே அவள் 487 என்பாள், நீங்கள் அதிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்து 484, 481 என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். 18 நொடி கழித்து நிறுத்தி எழுத்துகளைக் கேட்க வேண்டும். முதல் தடவை சரியாகச் சொல்லிவிடுவீர்கள். வேறு வேறு எழுத்துகளோடு ஐந்தாறு தடவை போகட்டும், அப்புறம் பாருங்கள், மூன்றே மூன்று எழுத்து சுத்தமாகப் போயிருக்கும். 1959-இல் லாயிட் பீட்டர்சனும் மார்கரெட் பீட்டர்சனும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் செய்தபோது 18 நொடியில் பத்துக்கு ஒன்று என்கிற அளவில்தான் சரியான பதில் வந்தது. இருபது வயது மாணவர்கள் அவர்கள். மனம் வேறொன்றில் ஈடுபட்டால் சற்றுமுன் பிடித்தது நழுவும் என்பது ஆரோக்கியமான மூளையின் இயல்பு. சமையலறையில் நீங்கள் நிற்பதும் பெரும்பாலும் இதே கதைதான். ஹாலில் "கத்தரிக்கோல் எடுக்கணும்" என்று எழுந்தீர்கள், நடுவில் அம்மா கூப்பிட்டார், குக்கர் விசில் வந்தது. வாசலைத் தாண்டுவதே மறதியை உண்டாக்குகிறது என்று ஒரு கருத்து இருக்கிறது, ஆய்வு முடிவுகள் இரண்டு பக்கமும் வந்திருப்பதால் அதை நான் அழுத்திச் சொல்லமாட்டேன். கவனம் பிளவுபடுவதுதான் காரணம் என்பதில் எனக்கு அதிக நம்பிக்கை. பெயர் வராமல் தவிப்பதற்கும் குறுகிய கால ஞாபகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பெயர் உள்ளே பத்திரமாக இருக்கிறது, அந்த நேரத்தில் கைக்கு எட்டவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வந்துவிடுகிறது இல்லையா? நாற்பதுக்கு மேல் இது எல்லோருக்கும் கூடும்.

உங்கள் பயத்துக்கு ஓரளவாவது பதில் தருவது தாமதமாக நினைவுகூரும் சோதனை. மகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொற்களைத் தேர்ந்தெடுக்கட்டும், முருங்கைக்காய், சைக்கிள், கோபுரம், தாத்தா, பச்சை என்பது போல. மெதுவாக வாசிக்கட்டும், நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள், மறுபடி ஒருமுறை வாசிப்பு, மறுபடி சொல்லுதல். அப்புறம் இருபது நிமிடம் வேறு வேலை, துணி மடிப்பது மாதிரி ஏதாவது, சொற்களை மனதில் ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிறகு கேட்கட்டும். வராத சொல்லுக்கு முதலில் ஒரு துப்பு, "ஒரு காய்" என்று. அதற்கும் வராவிட்டால் மூன்றைச் சொல்லி எது என்று கேட்கட்டும்: "கத்தரிக்காயா, முருங்கைக்காயா, வெண்டைக்காயா?" நான் பரிசோதிக்கும்போது எத்தனை சொல் தானாக வந்தது என்பதைவிட இந்த இரண்டாவது, மூன்றாவது படியைத்தான் உற்றுப் பார்ப்பேன். துப்புக் கொடுத்ததும் "ஆமாம்!" என்று வந்துவிட்டால் சொல் உள்ளே சேர்ந்திருக்கிறது, எடுப்பதில்தான் தடுமாற்றம். தூக்கமின்மை, மனச்சோர்வு, கவலையில் இதுதான் வழக்கமாகப் பார்ப்பது. துப்பும் உதவவில்லை, மூன்றில் எது என்றும் தெரியவில்லை, அப்படி ஒரு சோதனை நடந்ததே மங்கலாக இருக்கிறது என்றால் அதை அலட்சியம் செய்யக்கூடாது. ஐந்தில் மூன்று, நான்கு தானாக வந்து மீதி துப்பில் வந்தால் எனக்குக் கவலை இல்லை. ஆனால் வீட்டில் செய்ததை வைத்து நோய் இருக்கிறது என்றோ, இல்லவே இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது, வயதுக்கும் படிப்புக்கும் ஏற்ற ஒப்பீட்டு அளவுகள் இதற்குக் கிடையாது. ஒரு வேண்டுகோளும் உண்டு: மருத்துவமனைகளில் பயன்படுத்தும் வினாத்தாள்களை இணையத்தில் தேடி எடுத்துச் செய்து பார்க்காதீர்கள். அந்தச் சொற்களும் படங்களும் முன்னாலேயே பழகிவிட்டால், நிஜமாகவே தேவைப்படும் நாளில் சோதனை பயனில்லாமல் போய்விடும்.

அம்மாவைப் பற்றி. பெற்றோரில் ஒருவருக்கு எழுபதுகளில் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு முதுமையில் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் 41-இல் தொடங்குவது மிக மிக அரிது. தலைமுறை தலைமுறையாக நாற்பது, ஐம்பது வயதிலேயே வரும் பரம்பரை வகை தனி, உங்கள் அம்மாவின் வயதைப் பார்த்தால் அது இதுவாகத் தோன்றவில்லை. உங்களிடம் எனக்கு உடனே கண்ணில் படுவது உடைந்த தூக்கம். மாதக்கணக்கில் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்துகொண்டிருப்பவருக்குக் கவனம் சிதறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ராத்திரிப் பொறுப்பை வாரத்தில் சில நாளாவது வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும், இதை நான் சிகிச்சையின் பாகமாகவே சொல்கிறேன். அதோடு வைட்டமின் பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது சகஜம், சரிசெய்யவும் கூடியது. ரத்தசோகை, குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கம், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்கள், தூக்க மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் போடும் பழைய வகை மாத்திரைகள், இவற்றில் ஏதாவது பொருந்துகிறதா என்றும் டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னும் கொஞ்ச நாளில் நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள் வேறு. சில நிமிட இடைவெளியில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது, கேட்டது நினைவில்லாமல். பழகிய தெருவில் வழி தவறுவது. எப்போதும் செய்யும் சமையலில், பணக் கணக்கில் வரிசை குழம்புவது. உங்களைவிட வீட்டில் இருப்பவர்கள் அதிகமாகக் கவலைப்படுவது. இந்தக் கடைசி ஒன்றை நான் மிகவும் நம்புகிறேன். தன் மறதியைப் பற்றித் தானே நுணுக்கமாக உட்கார்ந்து எழுதுகிறவரைவிட, "எனக்கு ஒன்றுமில்லை, இவர்கள்தான் கூட்டி வந்தார்கள்" என்று சொல்கிறவருக்கே எங்கள் அறையில் அதிகக் குறை தெரிவது வழக்கம். விதிவிலக்கு உண்டு, ஆனால் வழக்கம் அதுதான். ஒரே நாளில் திடீரென்று குழப்பம், பேச்சு குளறல், ஒரு பக்கம் பலவீனம் என்றால் எந்தச் சோதனையும் வேண்டாம், நேராக அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மறுபடி சோதித்துப் பார்க்க ஆசையாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும், அதே மொழி, அதே நேரம், காலையில் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு, புதிய சீட்டு வரிசை, புதிய சொற்கள். தினம் செய்தால் பழக்கத்தில் எண் ஏறும், ஒருநாள் இறங்கினால் மனது கெடும், இரண்டிலும் தகவல் இல்லை. டாக்டரிடம் போவதாக முடிவு செய்தால் கூடவே வசிப்பவர் ஒருவரை அழைத்துப் போங்கள், எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், கண்ணாடி போடுபவராக இருந்தால் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். காது சரியாகக் கேட்கவில்லை என்ற சந்தேகம் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சரியாகக் கேட்காத எண்ணை யாராலும் திருப்பிச் சொல்ல முடியாது, அது ஞாபகக் குறைவாகவே தாளில் ஏறிவிடும்.